ஒன்பதரை மணிக் காற்று

வெள்ளி அரைஞாண் கறுத்திருந்ததை முதலில் கவனித்தவர் அவருடைய மனைவி. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவருக்கு ஈரத் துணியை மாற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “போன வாரந்தான் சார் புளி போட்டுத் தேச்சுக் குடுத்தேன். அதுக்குள்ள எப்படிக் கறுக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கையில், குழிக்குள் ஆள் இறங்க அனுமதி எழுதித் தருகிற பர்மிட் புத்தகம் இருந்தது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கழிவுநீர்க் குழியைச் சோதித்து அதில் நான் எழுதியிருந்தேன்: ஆக்சிஜன் 20.8 சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம், கார்பன் மோனாக்சைடு பூஜ்யம், எரிவாயு பூஜ்யம். கீழே என் கையெழுத்து. பதினொன்று பத்துக்கு அதே குழிக்குள் அவர் ஒரு சத்தமும் இல்லாமல் சாய்ந்திருந்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிழைத்தது என் கையெழுத்தால் இல்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் முதுநகரைத் தாண்டினால், சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. 1980களில் வந்தது. மருந்துக்கான மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து, இன்னும் பல ரசாயனங்கள். அதை ஒட்டியே பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிகுப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்குக் கிடைத்தது 77.45. எழுபதைத் தாண்டினாலே ‘மிக மோசமாக மாசடைந்த பகுதி’ என்று பெயர். அந்தப் பேட்டைக்குள் முதலில் ஓர் ஆலையின் பாதுகாப்பு அலுவலராகவும், பிறகு தனியாக, ஷட்டவுன் காலங்களில் தொட்டிகளையும் சம்ப்புகளையும் சோதித்துத் தருகிறவனாகவும் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஊரில் என்னை ‘காஸ் பாக்கிறவர்’ என்பார்கள்.

மண்ணுக்குக் கீழே ஆள் இறங்குகிற எந்த இடமானாலும் எங்கள் தொழில் ஒன்றுதான்: ஆள் இறங்குவதற்கு முன்னால் அங்கே உள்ள காற்றைக் கேட்பது. நான் சேர்ந்த காலத்தில் கேட்பதற்கு இருந்தது ஈய அசிட்டேட் தாள். ஈரமாக்கிய வெள்ளைத் தாளைக் கயிற்றில் கட்டி இறக்கினால், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் பழுப்பாகும், அதிகம் இருந்தால் கறுக்கும். அதற்கும் முன்னால் எங்கள் ஊர்க் கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு முறை இருந்தது. ராந்தலை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அலசுவார்கள், பிறகு மறுபடி விளக்கு. விளக்கு ஆக்சிஜன் குறைந்ததைச் சொல்லும், நச்சைச் சொல்லாது. ஆனாலும் அந்த முறையில் ‘மறுபடி’ என்ற சொல் இருந்தது. அதன் அருமை எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது கைக்குள் அடங்குகிற நாலு வாயு மீட்டர். ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் பத்து) ஆனால் கத்தும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்தும். குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் இழுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கொஞ்சம் கனமானது, அடியில் தங்கப் பார்க்கும். ஒவ்வொரு மட்டத்திலும் குழாயின் நீளத்துக்கு ஏற்பக் காத்திருக்க வேண்டும். சென்சார் முழு எண்ணைக் காட்டவே அரை நிமிடம் ஆகும். அவசரக்காரன் இறக்கின வேகத்தில் இழுத்துவிட்டு ‘ஜீரோ’ என்பான். நான் அவசரக்காரன் இல்லை. அன்றைக்கும் மூன்று மட்டத்திலும் நின்று பார்த்துத்தான் எழுதினேன். அதனால்தான் அந்த பூஜ்யம் என்னை அவ்வளவு வதைத்தது.

அந்த சம்ப் நாலு மீட்டர் ஆழம். பழைய செங்கல் சுவர், மேலே கான்கிரீட் மூடி, இரண்டடி அகலத்தில் ஒரே ஒரு மேன்ஹோல். ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் போவதற்கு முன்னால் வந்து சேருகிற இடம். தண்ணீரை வெளியே பம்ப் செய்துவிட்டு, அடியில் முழங்காலளவு தங்கியிருந்த கசடை வாளியில் அள்ளி ஏற்றுவதுதான் வேலை. அன்று எனக்கு மூன்று குழிகள், கையில் ஒரே மீட்டர். முதல் குழிக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மேஸ்திரி மட்டும் ஒரு காரியம் செய்திருந்தார். இறங்கினவருக்கு பெல்ட் மாட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே நிறுத்தியிருந்த முக்காலியின் கப்பியில் ஓட்டி, முனையைத் தன் கையிலேயே வைத்திருந்தார். “சார்தான் செக் பண்ணி எழுதிக் குடுத்துட்டாரே, கயிறு எதுக்கு, வேலைக்கு இடைஞ்சலா இருக்கு” என்று உள்ளே இறங்கினவரே சொல்லியிருக்கிறார். மேஸ்திரி கேட்கவில்லை. அவருடைய அப்பா கிணறு வெட்டியவர்.

பதினொன்று பத்துக்குக் கீழே வாளி உரசுகிற சத்தம் நின்றது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய அக்கா மகன், பத்தொன்பது வயதுப் பையன், “மாமா, அண்ணன் விழுந்துட்டாரு” என்று மேன்ஹோலுக்குள் காலை விட்டுவிட்டான். மேஸ்திரி கயிற்றை விடாமலே அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். “எறங்காத! எவனும் எறங்கக் கூடாது! இழுங்கடா!” நாலு பேர் இழுத்தார்கள். நான் ஓடி வந்தபோது அவர் வெளியே கிடந்தார். முகம் சாம்பல் நிறம், வாயில் நுரை. மூச்சு இருந்தது.

அன்று அந்தப் பையன் இறங்கியிருந்தால் அவனும் விழுந்திருப்பான், அவனைத் தூக்க இறங்கினவனும். இது ஊகமில்லை. 1895 ஜூலை 1ஆம் தேதி லண்டனை அடுத்த ஈஸ்ட்ஹாமில் கழிவுநீர்ப் பம்ப் நிலையக் கிணற்றுக்குள் ஒருவர் இறங்கி விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக நாலு பேர் இறங்கினார்கள். ஐந்து பேரும் செத்தார்கள். காப்பாற்றப் போன நாலு பேரின் பெயரையும் பொறித்த ஓட்டுப் பலகை லண்டனில் ‘போஸ்ட்மன்ஸ் பார்க்’ என்ற பூங்காவில் இன்றும் இருக்கிறது. அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. நம் ஊரில் அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே தொட்டியில் கிடந்த செய்தியைப் படிக்காத ஆண்டு எனக்கு நினைவில் இல்லை.

மருத்துவமனையிலிருந்து நேரே ஆலைக்குத் திரும்பினேன். முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. பக்கத்துப் பிரிவிலிருந்து ஏதாவது வாயு வழிந்து இறங்கியிருக்குமோ என்று பார்த்தேன். அன்று காற்று அடித்த திசைக்கு அது பொருந்தவில்லை. சிலர், அவர் சாப்பிடாமல் இறங்கியிருப்பார், மயக்கம் வந்திருக்கும் என்றார்கள். ஆலைகளில் இந்த விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். விழுந்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டால் குழியை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பட்டினி கிடந்தால் வெள்ளி கறுக்காது. அந்த அம்மாவின் கேள்விதான் என்னைக் குழியிலேயே பிடித்து நிறுத்தியது.

வெள்ளி சொல்கிற சாட்சி பழையது. 1700இல் இத்தாலியின் மோதெனா நகரத்து மருத்துவர் ராமாத்சினி, மலக்குழி தோண்டுகிறவர்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்குக் கண் எரிந்து பார்வை மங்குவதையும், அவர்கள் பையில் வைத்திருக்கும் செம்பு, வெள்ளிக் காசுகள் கறுப்பதையும் அவர் சேர்த்துப் பார்த்தார். கசடைக் கலக்கும்போதுதான் அந்த ஆவி எழுகிறது என்பதும் அவருக்குப் பிடிபட்டது. ‘கலக்கும்போது’ என்ற அந்த ஒரு சொல்லை முந்நூறு ஆண்டு கழித்து நான் ஒரு முழு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு நான் அளந்தது அசையாத குழியை. பதினொன்றுக்கு அவர் நின்றது கலக்கிய குழியில்.

ஆனாலும் கணக்கு முடியவில்லை. ஒன்றரை மணி நேரமாக அவர் அள்ளிக்கொண்டுதான் இருந்தார். பத்து மணிக்கு விழாதவர் பதினொன்று பத்துக்கு ஏன் விழுந்தார்?

இதற்கு விடை தந்தது ஆலைக்குள் இருந்த எந்தத் தாளும் இல்லை, குடிகாட்டில் ஒரு வீட்டில் இருந்த நாற்பது பக்க நோட்டு. 2004 முதல் அந்தக் கிராமங்களில் ஒரு பழக்கம் வந்திருந்தது. பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி பெற்றவர்கள், என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தார்கள். அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோஸ், நெயில் பாலிஷ், பிணவாடை என்று அவர்கள் போட்ட பெயர்களைக் கேட்டு ஆலைக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடிக் காற்றுப் பங்கில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். பல மீட்டர்களுக்கு அந்த நுட்பம் கிடையாது. நோட்டைக் காட்டிய அம்மா சொன்னார்: “வாரத்துல ரெண்டு நாளு, பதினோரு மணி வாக்குல முட்ட நாத்தம் வரும் சார். அன்னிக்கும் வந்துச்சு, பாருங்க எழுதியிருக்கேன்.” தேதியும் இருந்தது, நேரமும் இருந்தது. என் பர்மிட் புத்தகத்தில் ஒரே ஒரு நேரம். அவருடைய நோட்டில் ஒரு நாளுக்கே நாலைந்து.

வாரத்தில் இரண்டு நாள், பதினோரு மணி. ஆலைக்குத் திரும்பி உற்பத்திப் பிரிவின் லாக் புக்கைக் கேட்டேன். தரத் தயங்கினார்கள். இரண்டு நாள் காத்திருந்து வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள், பத்தே முக்கால் வாக்கில், ஒரு பாத்திரத்தை அமிலம் விட்டுக் கழுவி அந்தத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுவார்கள். வடிகால் போய்ச் சேருகிற இடம் அந்த சம்ப். வேலை நடந்த நாளில் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. என் பர்மிட்டில் ‘மேலிருந்து வரும் குழாய்களை அடைத்தாயிற்றா’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரிய குழாயின் வால்வை அடைத்துப் பூட்டியதைப் பார்த்து ‘ஆம்’ என்று எழுதினேன். தரையோடு போகிற திறந்த வடிகாலை நான் குழாயாக நினைக்கவில்லை.

அமிலத்தால் என்ன ஆகும் என்பது பள்ளி வேதியியல். கந்தகம் தண்ணீரில் கரைந்து சல்ஃபைடாக இருக்கும்போது, காரத்தன்மை உள்ளவரை பெரும்பகுதி கரைந்தேதான் கிடக்கும். பிஹெச் 9இல் நூற்றுக்கு ஒரு பங்குதான் வாயுவாக வெளியேறும் நிலையில் இருக்கும். 7இல் பாதி. 5க்கு இறங்கினால் ஏறக்குறைய முழுவதும். முழங்காலளவு கசடு, அதைக் கலக்கிக்கொண்டு ஒரு மனிதர், மேலிருந்து அமிலத் தண்ணீர். அந்த நாற்றம் விரைவிலேயே மூக்கை மரக்கச் செய்துவிடும். 100 பிபிஎம்மைத் தாண்டினால் வாசனையே தெரியாமல் போகும், ‘நாற்றம் போய்விட்டது’ என்று நினைத்து நிற்பார்கள். 700, 1000 என்று போனால் இரண்டு மூச்சு போதும். உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற இடத்தையே அது அடைத்துவிடுகிறது. நல்ல காற்று நெஞ்சு நிறைய இருந்தும் செல் மூச்சு விட முடியாது. கத்தக்கூட நேரம் இருக்காது என்பது இதனால்தான்.

இவ்வளவும் சரி. ஆனால் அவ்வளவு சல்ஃபைடு அந்தக் குழிக்குள் எப்படி வந்தது? அந்த ஆலை சல்ஃபைடு வாங்குவதே இல்லை. சரக்குப் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தேன். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அவன் எப்போது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தான் என்று தெரியவில்லை.

மூடி போட்ட பாட்டிலில் கசடை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணாமலை நகரில் நுண்ணுயிரியல் படித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் கசடிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, இரும்பு உப்புப் போட்ட கரைசலில் விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தார். சில நாள் கழித்துப் போனபோது குழாய் முழுவதும் மை போல் கறுத்திருந்தது. “இதுங்கதான் உங்க ஆளுங்க” என்றார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் சல்ஃபேட்டைச் சுவாசித்து, மூச்சாக ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிற பாக்டீரியா. இந்த வகையை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ஹாலந்தின் பெயரிங்க். அது நடந்ததும் 1895, ஈஸ்ட்ஹாமில் ஐந்து பேர் செத்த அதே ஆண்டு.

நண்பர் என்னை அன்று மாலையே பிச்சாவரம் கூட்டிப் போனார். படகில் போய்ச் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே கையை விட்டுச் சேற்றை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதே கறுப்பு. அதே அழுகின முட்டை வாடை. “இங்க யுக யுகமா இதே வேலையத்தான் செய்யுதுங்க. யாரும் சாகல. மேல மூடி இல்ல, அதான்.” கொக்கு ஒன்று சற்றுத் தள்ளி அந்தச் சேற்றிலேயே நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி ஒன்றே ஒன்று பாக்கி: அந்தப் பாக்டீரியாக்களுக்கு மூச்சு. சல்ஃபேட் எங்கிருந்து? சாயத்தொழிலில் புழங்குகிற கிளாபர் உப்பு சோடியம் சல்ஃபேட்தான், ஆனால் இந்த ஆலையில் அது கொஞ்சம்தான் புழங்கியது. சுத்திகரிப்புப் பிரிவின் பையன் தினமும் எழுதிய உப்பு அளவைத் தேதிவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தேன். மாதத்தில் இரண்டு முறை ஏறி இறங்கியது. காலண்டரை வைத்துப் பார்த்தால் ஏறியது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. உப்பனாற்றில் கடலேற்றம் பெருகும் நாட்கள். பழைய செங்கல் சுவரில் வெடிப்பு இருந்தது, உவர்நீர் நிலத்தடியில் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் உண்டு. ஆலை தந்தது மக்கிய உணவு, கடல் தந்தது மூச்சு, மூடி தந்தது இருட்டு.

பதினோரு நாள் ஆனது இதற்கு. கடைசி நாள் திறந்த வெளியில், காற்று வரும் பக்கத்தில் நின்று, பாட்டிலில் இருந்த கசடில் சில சொட்டு அமிலம் விட்டு வாயருகே ஈரமான ஈயத் தாளைப் பிடித்துக் காட்டினேன். ஆலையின் மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் கறுத்தது. யாரும் பேசவில்லை. மேஸ்திரியும் அங்கே இருந்தார், அவரைக் கூப்பிட வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் ஜான் ஸ்காட் ஹால்டேனைக் கண்டுகொண்டேன். பிரிட்டனைச் சேர்ந்த இந்த உடலியல் அறிஞர் 1880களின் நடுவில் சாக்கடைகளுக்குள் இறங்கிக் காற்றில் கிருமிகளை எண்ணினார். சாக்கடைக் காற்றில் மிதக்கும் கிருமிகளால்தான் நோய் என்று எல்லோரும் அஞ்சிய காலம். அவரும் கார்னெல்லியும் 1887இல் வெளியிட்ட முடிவு அந்த அச்சத்துக்கு நேர்மாறு: சாக்கடைக் காற்றில் இருக்கும் கிருமிகள் தெருக் காற்றில் இருப்பதைவிடக் குறைவு. எட்டு ஆண்டு கழித்து ஈஸ்ட்ஹாம் மரணங்களை ஆராய அவரைத்தான் அழைத்தார்கள். கொன்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று காட்டினார். கிருமி காற்றில் மிதந்து வந்து கொல்லவில்லை. சேற்றுக்குள் உட்கார்ந்தபடியே தன் மூச்சால் கொன்றது. அவர் தனித்தனியாகக் கண்ட இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு என் சம்ப் முழுதாக விளங்கியது.

1897இல் ஹால்டேன் லண்டனின் நிலத்தடி ரயில் சுரங்கங்களுக்குள் நீராவி என்ஜின் புகைக்கு நடுவே போய்க் காற்றைப் புட்டிகளில் பிடித்து கார்பன் மோனாக்சைடை அளந்தார். சுரங்கத்துக்கும் குழிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஓடுகிற ரயில் சுரங்கக் காற்றை பிஸ்டன்போல் தள்ளிக்கொண்டே போகும். 1966 ஜூனில் அமெரிக்க ராணுவத்தார் தீங்கில்லாதது என்று தாங்கள் கருதிய ஒரு பாக்டீரியாவை மின்விளக்குக் குமிழ்களில் அடைத்து நியூயார்க் சுரங்க ரயில் தண்டவாளத்தில் போட்டு உடைத்தார்கள். ரயில் கிளப்பிய காற்றே அதை நெடுந்தூரம் கொண்டுபோனது. பயணிகளிடம் சொல்லவே இல்லை. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சுரங்கத்தில் ஆபத்து நகரும், பரவும், நீர்த்துப்போகும். குழியில் அது நகராது, பரவாது, வளரும். காற்றை அளக்கிறவன் அங்கே ஒரு பொருளை அளக்கவில்லை, உயிர்கள் ஒன்றுகூடி இடைவிடாமல் செய்துகொண்டிருக்கும் வேலையை அளக்கிறான். காலை ஒன்பதரைக்கு அளந்த எண் ஒன்பதரைக்கு மட்டும்தான் உண்மை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் அடித்தபோது இதைப் பேட்டை முழுவதும் பார்த்தேன். கரண்ட் போனது. சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குக் காற்றடிக்கிற புளோயர்கள் நின்றன. நான் போன ஆலைகளிலெல்லாம் பழுப்பாக நுரைத்துக்கொண்டிருந்த தொட்டிகள் சில நாளில் கறுத்துக் குமிழி விட்டன. காற்றில் வாழ்கிற நுண்ணுயிர்கள் செத்து, காற்றில்லாமல் வாழ்கிறவை எழுந்துவிட்டன. கரண்ட் வந்ததும் எல்லோருக்கும் ஒரே அவசரம், இறங்கி அள்ள வேண்டும் என்று. அந்த வாரம் நான் மூன்று இடங்களில் பர்மிட் கொடுக்க மறுத்தேன். இரண்டு இடத்தில் கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

என் மனதை இன்றுவரை அறுப்பது ஒரு சட்ட வாசகம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நான் வேலை பார்த்த காலமெல்லாம் எங்களுக்கு வேதம். நச்சு வாயு இருக்கக்கூடிய குழிக்குள் ஆளை அனுப்புவதற்கு அது இரண்டு வழி வைத்திருந்தது. தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து, பத்திரமான இடம் என்று எழுத்தில் சான்று தர வேண்டும். ‘அல்லது’ இறங்குகிறவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் முனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்த ‘அல்லது’ என்ற சொல்லால்தான் அன்று கயிறு தேவையற்றதாக இருந்தது. நான் சான்று எழுதிவிட்டேன், ஆகவே சட்டப்படி கயிறு வேண்டாம். மேஸ்திரி சட்டம் படிக்கவில்லை, கட்டினார். என் சான்றிதழை நம்பி ஏமாந்த இடத்தில் அவருடைய கயிறு பிடித்தது. அந்த இடத்தில் ‘மேலும்’ என்றுதான் இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லி வந்திருக்கிறேன். என் பர்மிட் படிவத்தில் அப்படியே திருத்தி அச்சடித்தேன்: சான்றும் வேண்டும், கயிறும் வேண்டும், மீட்டர் குழியை விட்டுப் போகக் கூடாது, அரை மணிக்கு ஒரு முறை மறுபடி அளவு, ஒவ்வொன்றுக்கும் நேரம். அந்த நேரக் கட்டங்கள் குடிகாட்டு நோட்டிலிருந்து வந்தவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘விஷவாயு தாக்கிப் பலி’ என்று செய்தித்தாளில் வருகிறதே, அந்தச் சொற்றொடரை நான் எங்கேயும் எழுத மாட்டேன். வாயு யாரையும் தாக்குவதில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. ஆளைத்தான் அனுப்புகிறார்கள். மனிதரைக் கையால் கழிவு அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்தின் கண் பெரும்பாலும் தெருச் சாக்கடையிலும் வீட்டு மலத்தொட்டியிலும்தான் இருக்கிறது. ஆலைச் சுவருக்குள் கான்ட்ராக்டருக்குக் கீழே கான்ட்ராக்டர் என்று இறங்குகிறவரின் குழியும் அதே குழிதான். இறங்குகிறவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அன்று விழுந்தவர் மறுபடி குழிக்குள் இறங்கவில்லை. கொஞ்ச காலம் மறதி இருந்தது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். பிறகு தேறினார். முதுநகரில் மீன் ஏலத்தில் எடைக்கு நின்றார். அவர் மனைவி அந்த அரைஞாணைப் புளி போட்டு மறுபடி தேய்த்துவிட்டார். கொக்கியின் உள்மடிப்பில் மட்டும் கறுப்பு போகவில்லை என்று காட்டினார்.

மேஸ்திரி இப்போது இல்லை. மேன்ஹோலுக்குள் காலை விட்ட அந்தப் பையன் டிப்ளமோ முடித்து, பாதுகாப்புப் பயிற்சி எடுத்து, இன்று பேட்டையில் காஸ் பார்க்கிறான். என்னிடம் ஒன்றிரண்டு ஆண்டு உதவியாக இருந்தவன்தான். போன மாதம் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்தான்.

“சார், ஒம்பது மணிக்கு ஜீரோ. ஒம்பதரைக்கு ஜீரோ. பத்துக்கு ரெண்டு. பத்தரைக்கு ஆறு காட்டுச்சு. பத்து வர்ற வரைக்கும் காத்திருக்கல, ஆளுங்களை மேல ஏத்திட்டேன். சூப்பர்வைசர் சத்தம் போடறாரு, அலாரமே அடிக்கலயேங்கறாரு.”

“போடட்டும். இப்ப என்ன காட்டுது?”

“பதினாலு சார். கீழ யாருமே இல்ல, யாரும் கலக்கல. அப்படியும் ஏறுது.”

“மேல எங்கயாச்சும் வாஷிங் ஓடுதா பாரு. திறந்த வாய்க்கால் எதுவும் இருக்கான்னு நடந்து பாரு. லாக் புக்கை வாங்கி வை.”

“கேட்டிருக்கேன் சார், தர யோசிக்கிறாங்க.”

“நான் பஸ் ஏறிட்டேன்னு சொல்லு,” என்று செருப்பை மாட்டினேன்.